பாம்பு வளர்க்க ஆசையா? முதலில் அதற்கு வீடு கட்டுங்கள்!

"டாக்டரய்யா, இவன் ஒரு மலைப்பாம்புக் குட்டியப் பிடிச்சு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சிருக்கான். மூணு நாளா ஒண்ணும் திங்க மாட்டேங்குது. பால் ஊத்துனாலும் குடிக்கல. அதுக்குப் பசி எடுக்க ஏதாச்சும் சூரணம் இருந்தாக் குடுங்களேன்..."

இளையரசனேந்தலில் இருந்து மூட்டுவலித் தைலம் வாங்க வந்திருந்த அம்மா இப்படிக் கேட்டார். பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன், தலையைக் குனிந்தபடி நின்றிருந்தான். மனிதர்களுக்குப் பசி எடுக்க எத்தனையோ சூரணம் கொடுத்திருக்கிறேன். பாம்புக்குக் கேட்டு யாரும் வந்ததில்லை!

"போட்டோ இருக்கா தம்பி?" என்றேன். செல்போனை நீட்டினான். பழுப்பு உடம்பு. முதுகில் சங்கிலி கோத்த மாதிரி மூன்று வரிசையாகக் கரும்பழுப்பு முட்டை வடிவப் புள்ளிகள். கழுத்தை விட அகலமான முக்கோணத் தலை. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

"பாட்டில் இப்ப எங்க இருக்கு?"

"என் மேசை மேல சார். மூடியில ஓட்டை போட்டிருக்கேன். காத்து வேணும்ல..."

அது மலைப்பாம்பு இல்லை. கண்ணாடி விரியன் குட்டி! வீட்டில் இருந்த பெரியவருக்குப் போன் போட்டு, அந்த அறைக் கதவைச் சாத்தச் சொல்லி, யாரும் பாட்டிலைத் தொடக் கூடாது என்று எச்சரித்து, தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் கொடுத்தோம். சாயங்காலம் வந்து பத்திரமாக எடுத்துப் போனார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கண்ணாடி விரியன் முட்டை இடுவதில்லை, குட்டி போடும். ஒரே ஈற்றில் 20, 30 குட்டிகள் கூட வரும். பிறந்த அன்றைக்கே அதற்குப் பல்லும் உண்டு, விஷமும் உண்டு. "குட்டிதானே" என்ற பேச்சே இங்கே கிடையாது. மலைப்பாம்பு என்று நினைத்து இதைக் கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் பலர்.

அந்தப் பையனைத் திட்டுவதற்காக இதை நான் எழுதவில்லை. பாம்பைக் கண்டதும் கம்பைத் தேடும் நம் ஊரில், பாம்புக்குப் பசிக்குமே என்று கவலைப்பட்ட பிள்ளை அவன். இப்போதெல்லாம் செல்போனில், வெளிநாட்டுச் சிறுவர்கள் கழுத்தில் பாம்பைப் போட்டுக்கொண்டு சிரிப்பதைப் பார்க்கிறார்கள். "நாமும் ஒண்ணு வளர்ப்போமே" என்று கேட்கிறார்கள். சென்னை, கோவை மாதிரி ஊர்களில் சில வீடுகளில் வளர்க்கவும் செய்கிறார்கள். "வளர்க்கலாமா டாக்டர்?" என்று உங்களில் யாராவது கேட்டால், அதற்கு விவரமாகப் பதில் சொல்லத்தானே வேண்டும்?

எது ஆகும், எது ஆகாது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் காட்டில், தோட்டத்தில், கொல்லையில் திரிகிற பாம்பு எதையும் பிடித்து வளர்க்கக் கூடாது. நல்ல பாம்பு, விரியன் மட்டும் இல்லை; விஷமில்லாத சாரை, நீர்க்கோலி, மலைப்பாம்பு, மண்ணுளி எல்லாம் இதில் சேர்த்தி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். ஜெயில் வரை போகும் சமாச்சாரம். மண்ணுளிப் பாம்பை 'இருதலைப் பாம்பு, லட்சக்கணக்கில் விலை போகும், வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம்' என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதற்கு இருப்பது ஒரே தலைதான். வால் மழுங்கி இருப்பதால் இன்னொரு தலை போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கட்டு விரியனையும், விஷமே இல்லாத வெள்ளிக்கோல் வரையனையும் பிரித்துச் சொல்ல அனுபவசாலிகளே ஒரு நிமிடம் யோசிப்பார்கள். புதிதாகப் பழகுகிற பிள்ளைக்கு அந்தப் பரீட்சை தேவையா?

வீட்டில் வளர்ப்பவை வெளிநாட்டுப் பாம்புகள். பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, வட அமெரிக்காவின் சோளப் பாம்பு. இன்னொன்று, ஆப்பிரிக்காவின் பால் பைதான். பால் குடிக்கிற பைதான் என்று நினைத்துவிடாதீர்கள்! பயந்தால் பந்து மாதிரி சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். அதனால் வந்த பெயர். பந்து மலைப்பாம்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் விஷம் இல்லை. வளர்ந்தாலும் நாலைந்து அடிக்குள் அடங்கிவிடும்.

இதற்கும் சட்டம் உண்டு. பந்து மலைப்பாம்பு 'சைட்டிஸ்' என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. வனவிலங்குச் சட்டத்தை 2022-ல் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் அதற்கான விதிகளும் வந்தன. அதன்படி, அந்தப் பட்டியலில் உள்ள பிராணியை வைத்திருப்பவர் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளம் மூலம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், கைமாற்றினாலும், செத்துப் போனாலும் கணக்கு கொடுக்க வேண்டும். சோளப் பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வெளிநாட்டில் இருந்து கொண்டுவர அதற்கும் இறக்குமதி அனுமதி வேண்டும். ஆகவே விற்பவரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால் காகிதத்தைக் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கில் இருந்து வந்து யாரும் எடுக்காமல் கிடந்த பைகளைச் சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தார்கள். உள்ளே 45 பந்து மலைப்பாம்புகள், 8 சோளப் பாம்புகள், கூடவே குட்டிக் குரங்குகள், நட்சத்திர ஆமைகள்! அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் இருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 22 பாம்புகள், பிளாஸ்டிக் டப்பாக்களில். இப்படி வருகிற பாம்புகள்தான் 'குட்டி, சாது, சல்லிசு' என்று கைமாறுகின்றன. தண்ணீர் இல்லாமல், மூச்சுத் திணறி, நோயோடு வந்து சேரும் பாம்பை வாங்கினால், பிள்ளையின் முதல் அனுபவமே அது செத்துப் போவதைப் பார்ப்பதாக இருக்கும்.

பாம்புக்கு வீடு என்றால் என்ன?

சங்கரன்கோவில் பக்கத்து ஆட்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் 'சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா' என்று வழக்காடிய தலம் அது. இன்றைக்கும் புற்று மண் பிரசாதம் வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்கிறோம். நாக உருவம் வாங்கிக் காணிக்கை போடுகிறோம். பாம்புக்கு உரிய இடம் புற்று என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம். அந்தப் புற்றில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இருட்டு. உடம்பை நாலு பக்கமும் உரசுகிற இறுக்கம். வெளியே கொளுத்தினாலும் உள்ளே ஒரே சீரான குளுமை. லேசான ஈரம். வேறு ஆள் வர முடியாத ஒற்றை வாசல். நம் கரிசல் காடு கோடையில் பாளம் பாளமாக வெடிக்குமே, அந்த வெடிப்பில் கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? (தயவுசெய்து இனி விடாதீர்கள்!) மேலே கால் வைக்க முடியாது, ஒரு முழம் கீழே ஜில்லென்று இருக்கும். பாம்பு குளிரும்போது மேலே வரும், சுடும்போது கீழே போகும். நமக்குப் பசித்தீ வயிற்றுக்குள் எரிகிறது. பாம்புக்கு அந்தத் தீ வெளியில் இருக்கிறது. வெளிச்சூட்டை வாங்கித்தான் அது தின்றதைச் செரிக்க வேண்டும். சூடு குறைந்தால் வயிற்றில் உள்ள இரை அழுகும். கூடிப்போனால் உயிரே போகும். ஆகவே பாம்புப் பெட்டி என்பது ஒரு வெறும் கூண்டு இல்லை. ஒரு கோடி வெதுவெதுப்பாகவும் மறு கோடி குளுமையாகவும் இருக்க வேண்டிய இடம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே வரும்.

நம் தமிழ்நாட்டில் பாம்புக்கு இடம் கொடுப்பதில் மகா கெட்டிக்காரர்கள் இருளர்கள். ஒரு காலத்தில் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தவர்கள். சட்டம் வந்து அந்தப் பிழைப்பு நின்ற பிறகு, ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று உதவ, 1978-ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்பை வைப்பது எதில் தெரியுமா? மண் பானையில்! அடியில் மணல், வாயில் துணி கட்டு. இருட்டு, இறுக்கம், குளுமை எல்லாம் பானையிலேயே கிடைத்துவிடுகிறது. சில வாரங்கள் வைத்து, இடைவெளி விட்டு விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தில் இருந்துதான் பாம்புக்கடிக்கு முறிமருந்து தயாராகிறது.

ஆனால் அது சில வாரத்துக்கான விடுதி. இருபது வருஷக் குடித்தனத்துக்குப் பானை போதாது. அதற்கு வருவோம்.

பெட்டி

வளர்ந்த பந்து மலைப்பாம்புக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமாவது வேண்டும். ஊர் ஆசாரியிடம் சொன்னால் செய்து கொடுத்துவிடுவார். முன்பக்கம் கண்ணாடிக் கதவு. மேலே திறக்கிற மாதிரி வைத்தால், மேலிருந்து கை வரும்போது பருந்து என்று நினைத்து மிரளும். காற்றுக்குச் சிறு துளைகள். தலை நுழைகிற சந்து இருந்தால் முழுப் பாம்பும் வெளியே வந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். பூட்டு கட்டாயம். வார்னிஷ் வாடை முழுக்கப் போன பிறகே பாம்பை விட வேண்டும். வாசனை அடிக்கிற தேவதாரு மரத்தூள் ஆகாது.

தரைக்குத் தென்னை நார்த்தூள் நன்றாக இருக்கும். நம் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பழைய செய்தித்தாள் விரித்தாலும் போதும். அசுத்தம் உடனே கண்ணில் படும், சுருட்டி எறியலாம். (இந்தப் பத்திரிகையை விரிப்பதானால் படித்து முடித்த பிறகு விரியுங்கள்!)

ஒளிவிடம் இரண்டு. சூடான பக்கம் ஒன்று, குளுமையான பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால் 'பயமா, சூடா' என்று பாம்பு தேர்ந்தெடுக்க வேண்டி வரும், பயம்தான் ஜெயிக்கும். சூடு போதாமல் ஒளிந்தே கிடந்து நோய் வாங்கும். உடைந்த பூந்தொட்டியின் பாதி, கவிழ்த்து வைத்த சட்டி எதுவானாலும் சரி. உடம்பு உரசுகிற அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும். முழு உடம்பும் இறங்கும்படி கவிழாத கனமான தண்ணீர்ப் பாத்திரம் ஒன்று. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

பந்து மலைப்பாம்புக்குச் சூடான கோடியில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளுமையான கோடியில் 25 முதல் 27. காற்றில் ஈரம் 60 சதவீதத்தை ஒட்டி. சோளப் பாம்புக்குச் சூடான பக்கமே 30 டிகிரிக்குள் இருந்தால் போதும். வெளிநாட்டுப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக ஹீட்டர் பற்றி எழுதும். நமக்கு மார்கழி, தை இரவுகளில்தான் அது வேண்டியிருக்கும். அப்போதும் சூட்டைத் தானே நிறுத்துகிற தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் மாட்டாதீர்கள். பாம்புக்கு வயிற்றுப் பக்கம் சூடு சட்டென்று உறைக்காது. வெந்து புண்ணாகும் வரை படுத்தே கிடக்கும்.

நம் ஊரில் எதிரி கோடைதான். சித்திரையில் கோவில்பட்டிப் பக்கம் 38, 40 டிகிரி சாதாரணம். மொட்டை மாடி அறை, தகர ஷெட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மேற்கு ஜன்னல் ஓரம் எதுவும் ஆகாது. வெயில் படுகிற இடத்தில் கண்ணாடிப் பெட்டி இருந்தால் அரை மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். வீட்டின் நடு அறையில், சுவரோடு ஒட்டி, தரையை ஒட்டின உயரத்தில் வையுங்கள். பெட்டியின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு தெர்மாமீட்டர். "கையை வச்சுப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு" என்பது கணக்கில் சேராது.

சாப்பாடு: இங்கேதான் வீட்டில் சண்டை வரும்!

பாம்புக்குச் சைவச் சாப்பாடு கிடையாது. பால் குடிக்காது. புற்றில் ஊற்றுகிற பால் நம் பக்திக்கு. பாம்புக்கு அது செரிக்காது. பாம்பாட்டிகளின் பாம்பு குடிக்கிறதே என்கிறீர்களா? நாள் கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் எதைக் கொடுத்தாலும் குடிக்கும். கோழிக் கறித்துண்டு, மீன் துண்டு போட்டும் வளர்க்க முடியாது. எலும்பு, ஈரல், குடல் சகிதம் முழு இரை வேண்டும். அதாவது எலி.

அந்த எலி உங்கள் வீட்டுப் பொறியில் விழுந்த எலி இல்லை. அது எங்கே, எந்த எலி பாஷாணம் தின்றதோ, யாருக்குத் தெரியும்? தோட்டத்து எலியும் அப்படியே. வளர்த்து, கொன்று, உறையவைத்த எலிதான் பாம்புக்குக் கொடுக்க வேண்டியது. நம் பக்கத்துச் சந்தையில் அது கிடைக்காது. வெளியூரில் இருந்து ஐஸ் பெட்டியில் வரவழைக்க வேண்டும். அப்படியானால் வீட்டு பிரிட்ஜில் எலி இருக்கும்! இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைக்க எந்த வீட்டம்மா சம்மதிப்பார்? சம்மதித்தாலும் நான் சம்மதிக்க மாட்டேன். தனியாக ஒரு சின்ன பிரீசர் வேண்டும். அதற்கு இடம், கரண்ட் பில், மின்வெட்டு எல்லாவற்றையும் பாம்பு வாங்கும் முன்பே பேசி முடியுங்கள்.

உறைந்த எலியை மூடிய டப்பாவில் வைத்து இளக விட்டு, பிறகு வெந்நீரில் அந்த உறையோடு வைத்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் பதத்தில் நீளமான இடுக்கியால் கொடுக்க வேண்டும். மைக்ரோவேவ் கூடாது. விரல் நுனியில் பிடித்துக் கொடுக்கவும் கூடாது; விரலும் சூடு, எலியும் சூடு, பாம்புக்கு வித்தியாசம் தெரியாது. உயிரோடு எலியை விடுவதும் தப்பு. பசிக்காத பாம்பின் கண்ணையும் முதுகையும் எலி கடித்துக் குதறிவிடும்.

எவ்வளவு பெரிய எலி? பாம்பின் உடம்பில் தடிமனான இடம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. எத்தனை நாளுக்கு ஒன்று? குட்டிக்கு வாரம் ஒன்று. வளர்ந்த பந்து மலைப்பாம்புக்கு இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒன்று. "ஐயோ, பட்டினி கிடக்குமே" என்று தாய்மார்கள் உருக வேண்டாம். அதன் உடம்பே அப்படி அமைந்தது. பர்மா மலைப்பாம்பை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று 2005-ல் வெளிவந்தது. பெரிய இரையை விழுங்கிய இரண்டே நாளில் அதன் இதயத் தசை 40 சதவீதம் பெருக்கிறதாம்! செரித்து முடிந்ததும் பழைய அளவுக்கு வந்துவிடும். உண்ணும்போது முழு வேகம், உண்ணாதபோது முழு ஓய்வு. நாமோ மூன்று வேளையும் தின்றுவிட்டு நடுவில் நொறுக்குத் தீனியும் தின்கிறோம். அந்தப் பழக்கத்தைப் பாம்புக்குக் கொடுத்தால் கொழுப்பு கட்டி ஈரல் கெடும்.

சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தொடவே கூடாது. தூக்கினால் கக்கிவிடும். கக்கினால் பத்துப் பதினைந்து நாள் விட்டுத்தான் அடுத்த இரை, அதுவும் முன்னதை விடச் சிறியதாக. கண் நீலம் பூத்து மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது சாப்பிடாது, கோபமும் வரும். பந்து மலைப்பாம்பு சில சமயம் மாதக்கணக்கில் சாப்பாட்டைத் தொடாது. எடை குறையாத வரை பயமில்லை. மாதம் ஒரு முறை எடை பாருங்கள். எடை குறைந்தால், வாயில் கோழை வடிந்தால், மூச்சு விசில் அடித்தால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை. திருநெல்வேலி ராமையன்பட்டியிலும், சென்னை வேப்பேரியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. யார் பார்ப்பார் என்று முதலிலேயே விசாரித்து வையுங்கள். என்னிடம் சூரணம் கேட்டு வராதீர்கள்!

வீட்டு ஆட்களின் உடம்பு

இது குடும்ப மருத்துவப் பத்திரிகை என்பதால் இதைச் சற்று உரக்கவே சொல்கிறேன். ஆரோக்கியமான பாம்பின் கழிவில் கூட 'சால்மோனெல்லா' கிருமி இருக்கலாம். பாம்புக்கு ஒன்றும் செய்யாது; நமக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சிறு குழந்தைக்கு ரத்தம் வரை பரவி ஆபத்து. ஆமைக் குட்டிகளால் பிள்ளைகளுக்கு இந்த நோய் பரவியதால், 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கவே 1975-ல் அமெரிக்காவில் தடை போட்டார்கள். ஆகவே ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, தள்ளாத பெரியவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தால் இந்த ஆசையைத் தள்ளிப் போடுங்கள். மற்றவர்கள் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. முத்தம் கொடுத்துப் போட்டோ எடுப்பது அறவே கூடாது.

விஷமில்லாத பாம்பும் கடிக்கும். சிராய்ப்பு போல வரிசையாகச் சிறு காயம். சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, தடுப்பூசிக் கணக்கு விட்டுப்போயிருந்தால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

வளர்ப்புப் பாம்பு என்று உறுதியாகத் தெரியாத எந்தப் பாம்பு கடித்தாலும் கதை வேறு. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நஞ்சு நூல் ஒரு பாடமாகவே படித்தவன் நான். அதனால்தான் சொல்கிறேன். சிறியாநங்கையை மென்று பார்த்து 'கசந்தால் விஷமில்லை, இனித்தால் விஷம்' என்று நேரம் கடத்தாதீர்கள். கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், கயிறு போட்டு இறுக்க வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை ஒரு கட்டையோடு சேர்த்து அசையாமல் கட்டி, 108-க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து அங்கே இலவசமாக இருக்கிறது. 2024-ல் தமிழக அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்துவிட்டது.

இருபது வருஷக் கணக்கு

பந்து மலைப்பாம்பு 20, 30 வருஷம் இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் ஒரு பந்து மலைப்பாம்பு 60 வயதைத் தாண்டி 2020-ல் முட்டை இட்டது! இன்று ஒன்பதாவது படிக்கும் பையன் நாளை கல்லூரி விடுதிக்குப் போவான், பெங்களூரில் வேலைக்குப் போவான். அப்போது எலியை இளக வைப்பது யார்? அப்பாவா, அம்மாவா? பெண் பார்க்க வருகிறவர்களிடம் நடு அறைப் பெட்டியை என்னவென்று சொல்வீர்கள்?

"முடியலன்னா காட்டுல விட்டுருவோம்" என்று சொல்லாதீர்கள். அப்படி விட்டதில்தான் அமெரிக்காவின் ஃப்ளோரிடா சீரழிந்தது. ஆசைக்கு வாங்கிய பர்மா மலைப்பாம்புகள் தப்பியும், கைவிடப்பட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. அங்கே முயல் முதலான சிறு விலங்குகள் அரிதாகிப் போயின. கடைசியில் 2017-ல் நம் இருளர்கள் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்துப் போனார்கள். இரண்டு வாரத்தில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி! இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆகவே பிள்ளை கேட்டதும் பாம்பு வாங்காதீர்கள். லீவில் கிண்டி பாம்புப் பண்ணைக்கும் வடநெம்மேலிக்கும் கூட்டிப் போங்கள். அங்கே பெட்டியைப் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும். அப்புறமும் ஆசை தீரவில்லையா? பெட்டியைச் செய்து, தண்ணீர்ப் பாத்திரமும் ஒளிவிடமும் வைத்து, பாம்பு இல்லாமலே ஒரு மாதம் நடத்தச் சொல்லுங்கள். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். காலை, பகல், இரவு மூன்று வேளையும் இரண்டு கோடியின் சூட்டையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். அந்த மாதம் மே மாதமாக இருந்தால் ரொம்ப நல்லது. பகல் இரண்டு மணிக்குக் குளுமையான கோடியிலேயே தெர்மாமீட்டர் 33-ஐத் தாண்டினால், அந்த அறை பாம்புக்கு ஆகாது. வேறு அறை பாருங்கள்.